அழுகையே சொல்லானது!

பொழுது புலரும் நேரம். போடிநாயக்கனூர்த் தெருவில் ஜீப் வந்து நிற்கிறது. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் ஏறுகிறார்கள். பாட்டியின் இடுப்பிலிருந்த குழந்தை, தாயைப் பார்த்து வீறிடுகிறது.

இந்த அழுகைக்கு ஆங்கிலத்தில் ‘பூஹூ’ என்று ஒரு சொல் உண்டு. அதற்கு வேர் எது? வேறொன்றும் இல்லை; அழும் ஓசையேதான்!

நம்மிடமும் அப்படி உண்டு. பிறந்த குழந்தை ‘குவா குவா’ என்கிறது. ஓசையைக் காட்டி இப்படி இரட்டித்து வருவதை இரட்டைக்கிளவி என்பார்கள். பிரித்தால் பொருள் தராது. தொல்காப்பியத்திலேயே இதற்கு விதி இருக்கிறது.

ஆனால் ஒரு வேற்றுமை. ‘பூஹூ’ என்று சொல்லி, அழுகிறவரைக் கேலி செய்வதும் உண்டு. ‘ஓவென்று அழுதாள்’ என்றால் நாம் சிரிப்பதில்லை, “ஐயோ, என்ன நேர்ந்தது?” என்று கேட்கிறோம்.

தொல்காப்பியரும் காரணத்தைத்தான் பார்த்தார். அழுகை நான்கினால் பிறக்கும் என்றார்: பிறர் இகழ்தல், இழப்பு, நிலை தாழ்தல், வறுமை.

ஜீப் போடிமெட்டுப் பாதையில் திரும்புகிறது. தாயை மலையேற்றுவது அந்த நான்காவது காரணந்தான். பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. அழத்தான் தெரியும்.