துணி வெட்டும் அச்சு

பழைய துணியைத் தூக்கி எறிய நம் நாட்டுப் பெண்களுக்கு மனம் வராது. கிழிந்த சேலை, நைந்த வேட்டி, பிள்ளைகளின் பழைய சட்டை எல்லாமே போர்வையாகிவிடும். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நூல் ஓட்டித் தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். தைக்கும் நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். பீகாரில் இதைச் சுஜனி என்கிறார்கள். மகாராட்டிரத்தில் கோதடி. கட்ச் பகுதியிலும் மேற்கு ராஜஸ்தானிலும் ரல்லி.

கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி வந்து, நடுவில் கொண்டுபோய் முடிப்பார்கள். கையில் எந்தத் துண்டு கிடைக்கிறதோ அதை மடித்து வைத்துத் தைப்பார்கள். அளவு பார்ப்பதில்லை. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளைப் பூப்போல் வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள்.

ஆனால் எல்லாப் போர்வையும் இப்படி இல்லை. கடைக்குப் போகும் ஒட்டுப் போர்வையில் சதுரமும் முக்கோணமும் வரிசையாக நிற்க வேண்டும். மூலையும் மூலையும் சேர வேண்டும். அங்கேதான் வெட்டு வேலை கடினமாகிறது.

அரை நூல் செய்யும் வேலை

தச்சரும் கொத்தனாரும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். துணிக்கும் அந்தக் கணக்கு உதவும்.

ஐந்து அடி அகலத்தில் ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலச் சதுரங்களால் ஆனது. அகலத்துக்கு 15 சதுரம். நீளத்துக்கு 22 சதுரம். மொத்தம் 330 துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் நான்கு பக்கமும் இரண்டு நூல் துணி பிடித்துத் தைக்கப் போய்விடும். ஆகவே துண்டை நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும்.

ஒவ்வொரு துண்டும் அரை நூல் குறைந்துவிட்டால் என்ன ஆகும்? கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 15 துண்டுகளைச் சேர்த்த பிறகு வரிசையில் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைந்திருக்கும். அடுத்த வரிசை சரியான அளவில் இருந்தால் இரண்டும் பொருந்தாது. இழுத்துத் தைத்தால் சுருங்கும். பிரித்துத் தைத்தால் துணி நையும்.

பிழை எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அட்டையில் ஓர் அளவு செய்து, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் கோடு போடுவார்கள். நூறு முறை கோடு போட்டால் அட்டையின் ஓரம் தேய்ந்துவிடும். சிலர் அட்டையைத் தேடச் சோம்பி, வெட்டிய துண்டையே அளவாக வைத்து அடுத்ததை வெட்டுவார்கள். கோட்டுக்கு வெளியே மயிரிழை தள்ளி வெட்டினாலும் போதும், இருபதாவது துண்டு முதல் துண்டைவிடப் பெரிதாக இருக்கும். அட்டைக்குப் பதில் தகரத்தில் அளவு செய்து வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். இதற்கு இயந்திரம் தேவையில்லை.

உளியால் துணி வெட்டும் ஊர்

ராஜஸ்தானில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டி இருக்கிறது பார்மேர் மாவட்டம். பாலைவனப் பகுதி. 1971 போருக்குப் பிறகு தார்பார்க்கர் பகுதியிலிருந்து பல குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. அவர்களோடு அவர்களின் தையலும் வந்தது.

இங்கே ஒரு துணியில் பூவும் இலையுமாகக் கோலம் வெட்டி, அதை வேறு நிறத் துணிமேல் வைத்துத் தைப்பார்கள். ஒரே கோலம் பல துணிகளில் வேண்டும். அதற்காகத் துணியை அடுக்காக மடித்து மரக்கட்டையின்மேல் வைப்பார்கள். உளியை நிறுத்திச் சுத்தியலால் அடிப்பார்கள். மேல்மடிப்பு முதல் அடிமடிப்பு வரை ஒரே வெட்டு! பெரும்பாலும் ஆண்கள் வெட்டுவார்கள். ஓரத்தை மடித்துத் தைப்பது பெண்கள் வேலை.

இந்த உளிதான் இயந்திரத்துக்கு முன்னோடி என்று சொல்லலாம். உளி கோலத்தைச் சிறிது சிறிதாக வெட்டுகிறது. இயந்திரத்தில் உள்ள கத்தி முழுக் கோலத்தையும் ஒரே அழுத்தில் வெட்டுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

டை என்பது என்ன?

சமையலறையில் மாவைத் தேய்த்து, அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்து அழுத்துகிறோம். வட்டமான பூரி கிடைக்கிறது. எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே அளவுதான். டம்ளரின் விளிம்பைக் கூரான கத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் டை. தமிழில் வெட்டு அச்சு என்று சொல்லலாம்.

துணிக்கான டையைச் செய்யும் முறை எளிது. ஒட்டுப்பலகையில் வேண்டிய வடிவத்துக்குக் காடி எடுப்பார்கள். நீண்ட எஃகுப் பட்டையின் ஒரு விளிம்பு கூராக இருக்கும். அதை வளைத்துக் காடியில் அடித்து இறக்குவார்கள். கத்தியின் இருபுறமும் பஞ்சு ரப்பரை ஒட்டுவார்கள். அழுத்தும்போது ரப்பர் அமுங்கும், கத்தி வெளியே வரும். விட்டவுடன் ரப்பர் எழும்பித் துணியை வெளியே தள்ளிவிடும்.

இது புதிய வித்தை அல்ல. அட்டைப்பெட்டிகளை வெட்டுவதும் இப்படித்தான். ஆக்ராவிலும் கான்பூரிலும் நம் ஆம்பூரிலும் செருப்புக்குத் தோல் வெட்டுவதும் டை வைத்துத்தான். அட்டைப்பெட்டிக்கு டை செய்து தருபவரிடம் கேட்டால் துணிக்கும் செய்து தருவார். வரைபடம் கொடுக்கும்போது தைக்கப் போகும் இரண்டு நூலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இதை மறந்து 4 அங்குலம் என்று எழுதிக் கொடுத்தால், டையைப் பிறகு பெரிதாக்க முடியாது.

இரண்டு வகை இயந்திரம்

முதல் வகையைக் கையால் சுற்ற வேண்டும். கரும்புச்சாறு பிழியும் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு உருளைகளுக்கு நடுவே கரும்பு போகும். இதிலும் இரண்டு உருளைகள் உண்டு. கத்தி மேலே பார்க்கும்படி டையை வைக்க வேண்டும். அதன்மேல் துணி. துணியின்மேல் தடித்த பிளாஸ்டிக் தகடு. மூன்றையும் சேர்த்து உருளைகளுக்கு நடுவே தள்ளிக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். மறுபக்கம் வரும்போது துணி வெட்டுப்பட்டிருக்கும். மின்சாரம் வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியானால் ஆறு மடிப்பு வரை வைக்கலாம்.

இரண்டாம் வகை தோல் தொழிற்சாலையில் இருப்பது. மின்சாரத்தால் ஓடும். துணி அடியில் இருக்கும். டையை அதன்மேல் கவிழ்த்து வைப்பார்கள். மேலிருந்து கனத்த இரும்புத் தலை இறங்கி அழுத்தும். வேகமானது. ஆபத்தும் அதிகம்.

நான்கு சதுரங்கள் உள்ள டை ஒன்றில் ஆறு மடிப்புத் துணி வைத்தால், ஒரு சுற்றுக்கு 24 துண்டு. 330 துண்டுகளுக்கு 14 சுற்று போதும்.

வெட்டுவதற்கு முன்

புதுத் துணியை முதலில் நனைத்துக் காய வைக்க வேண்டும். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். பிறகு சோறு வடித்த கஞ்சியில் முக்கி, காய வைத்து, இஸ்திரி போட வேண்டும். விறைப்பான துணி நகராது. பழைய சேலைக்கு இது மிக அவசியம்.

அடுத்தது பாவும் ஊடையும். நெசவு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணியின் நீளவாட்டில் ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடை நூல். பாவு வாட்டத்தில் துணி குறைவாக இழுபடும். ஊடை வாட்டத்தில் சற்றுக் கூடுதலாக இழுபடும். மூலைவாட்டத்தில் ரப்பர்போல் இழுபடும். அதைத் தையற்காரர்கள் கிராஸ் என்பார்கள். உருளைக்குள் போகும்போது துணி போகும் திசையில் இழுபடுகிறது. எனவே பாவு நூல் அந்தத் திசையில் இருக்கும்படி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சதுரம் சற்றே நீண்ட செவ்வகமாகிவிடும். இயந்திரம் சரியில்லை என்று பலர் குறை சொல்வது இதனால்தான்.

பிளாஸ்டிக் தகட்டை அடிக்கடி திருப்பிப் போட வேண்டும். ஒரே இடத்தில் கத்தி பட்டால் பள்ளமாகும். அந்த இடத்தில் ஓரிரு நூல் வெட்டுப்படாமல் நிற்கும்.

துணி மிச்சமா, நட்டமா?

இயந்திரம் விற்பவர் நேரம் மிச்சம் என்பார். துணி எவ்வளவு போகும் என்று சொல்ல மாட்டார்.

44 அங்குல அகலத் துணியில் நாலரை அங்குலச் சதுரங்களை ஒட்டி ஒட்டி வெட்டினால் ஒரு வரிசைக்கு 9 கிடைக்கும். 330 துண்டுக்கு 37 வரிசை. சுமார் 4.25 மீட்டர் துணி போதும். டையில் சதுரங்களுக்கு நடுவே அரை அங்குல இடைவெளி இருந்தால் வரிசைக்கு 8தான் கிடைக்கும். 42 வரிசை வேண்டும். சுமார் 5.35 மீட்டர் துணி ஆகும். ஒரு போர்வைக்கு ஒரு மீட்டருக்கு மேல் வீண். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களுக்கு ஒரே கத்தி பொதுவாக இருக்கும்படி டை செய்யச் சொன்னால் இந்த வீண் குறையும்.

தையற்கடையின் வெட்டுத் துணிகளைப் பொறுக்கிப் போர்வை தைப்பவர்களுக்கு வேறு சிக்கல். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவில் இருக்கும். டைமேல் அடுக்குவதற்கே பாதி நாள் போய்விடும். அவர்களுக்குக் கத்தரிக்கோலே மேல்.

விரலுக்கு விலை இல்லை

கத்தி ரப்பருக்குள் மறைந்திருப்பதால் டை பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும். மேலே கையை ஊன்றினால் ரப்பர் அமுங்கும், உள்ளங்கை கிழியும். டையை வைக்கும்போது சுவரைப் பார்த்து நிறுத்தி வைக்க வேண்டும். குழந்தைகள் எடுக்காத உயரத்தில் வைக்க வேண்டும். துணியில் குண்டூசி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஊசியின்மேல் அழுந்தினால் கத்தி பல்போகும்.

உருளை அருகே முந்தானை தொங்கக் கூடாது. முந்தானையைச் செருகிக்கொண்டு, சடையைக் கொண்டையாக்கிக்கொண்டு வேலைக்கு உட்கார வேண்டும். ஒருவர் துணியைத் தள்ள, இன்னொருவர் கைப்பிடியைச் சுற்றுவது கூடாது. தள்ளுபவரின் விரல் எங்கே இருக்கிறது என்று சுற்றுபவருக்குத் தெரியாது. இரண்டையும் ஒருவரே செய்ய வேண்டும்.

மின்சார இயந்திரம் பலவற்றில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இரும்புத் தலை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் விரல் இருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. துண்டுக்கு இவ்வளவு கூலி என்று வேலை செய்யும் இடங்களில் அவசரம் அதிகம். ஒரு பொத்தானை நாடாவால் ஒட்டி அமுக்கிவைத்துவிட்டு, ஒரு கையால் வேலை செய்வார்கள். ஒரு நாளைக்கு நூறு துண்டு கூடுதலாக வரலாம். போகும் விரல் திரும்ப வராது. நாடா ஒட்டிய இயந்திரத்தில் உட்காரமாட்டேன் என்று சொல்வதற்குத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஒட்டச் சொல்லும் மேஸ்திரிதான் தப்பு செய்கிறார்.

வாங்கலாமா?

ஒரு மகளிர் குழு இயந்திரம் வாங்க நினைக்கிறது. கடன் வாங்கித்தான் வாங்க வேண்டும். அப்போது இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் நாளுக்கு 110 துண்டு வெட்டுகிறார் என்றால் ஒரு போர்வைக்கு வெட்டு வேலை 3 நாள். கையால் தைக்க 20 நாள். மொத்தம் 23 நாள். இயந்திரம் வந்தால் வெட்டு வேலை அரை நாளாகும். மொத்தம் இருபதரை நாள். கடன் வாங்கும் அளவுக்கு இது பெரிய மிச்சம் இல்லை.

அதே போர்வையைத் தையல் இயந்திரத்தில் 3 நாளில் தைத்துவிடுகிறார்கள் என்றால் கதை வேறு. 6 நாள் வேலை மூன்றரை நாளாகிறது. ஒரே அளவில் நிறைய ஆர்டர் வந்தால் இயந்திரம் தன் விலையைத் தானே சம்பாதிக்கும்.

கூலியையும் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். வெட்டுக்கு எவ்வளவு, தையலுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக நோட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால், வெட்டிய துண்டைக் கொண்டுவந்து கொடுக்கும் வியாபாரி, வேலை குறைந்துவிட்டது என்று சொல்லித் தையல் கூலியிலும் கைவைப்பார். வெட்டு வேலைதான் குறைந்தது. தையல் ஒரு தையல்கூடக் குறையவில்லை.

டை வெட்டிய பிறகு மிஞ்சும் துணி சல்லடைபோல் ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதன் பட்டைகளைக் கத்தரித்துத் தலையணைக்குள் திணிக்கலாம். சற்று அகலமான பட்டைகளைத் தனியே எடுத்துவைத்தால், அளவு பார்க்காமல் தைக்கும் போர்வைக்கு ஆகும்.