திரைக்கு அந்தப் பக்கம் ஒரே கொண்டாட்டம்!

தோல்பாவைக்கூத்து பார்க்கப் போகிறீர்களா? முன்வரிசைக்கு ஓடாதீர்கள். சுற்றிப் போய்க் கூடாரத்தின் பின்பக்கத் தட்டியை லேசாக விலக்கி, "அண்ணே, ஓரமா உட்கார்ந்துக்கிறட்டுமா?" என்று கேளுங்கள். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். சாமி கும்பிட்டு விளக்கேற்றிய இடம் அது. கூத்துக்காரர் தலையை ஆட்டிவிட்டால் உங்களுக்கு யோகம்தான்! ஊரே உட்கார்ந்து நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த நிழலைச் செய்கிற மனிதரைப் பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறீர்கள்.

நான் வத்தலக்குண்டுக்காரன். பேச்சுக்கும் எழுத்துக்கும் பேர்போன ஊர் எங்களுடையது. சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்த மண். 'மணிக்கொடி' இதழை நடத்தியதோடு நாடகங்களும் எழுதிய பி.எஸ். ராமையாவின் ஊர். 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா வளர்ந்த ஊர். இவர்களைப் பற்றிப் பேச மேடை உண்டு, மாலை உண்டு. வேட்டியை இழுத்துக் கட்டித் திரையாக்கி, ராமாயணத்தைப் பத்து ராத்திரி நடத்திவிட்டு, பதினோராம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிற கூத்துக் குடும்பங்களைப் பற்றிப் பேசத்தான் ஆளைக் காணோம். எனக்கு அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது!

இன்றைக்கு ஓவியக் கல்லூரியிலிருந்து வெளிவரும் சிலரை மல்டிமீடியா ஆர்ட்டிஸ்ட் என்கிறோம். படம் வரைவார், ஒளி அமைப்பார், ஒலி சேர்ப்பார், படத்துக்கு அசைவு கொடுப்பார், எல்லாவற்றையும் கோத்துக் கதை சொல்வார். நல்ல படிப்பு, நல்ல வேலை. ஆனால் இத்தனையையும் ஒரே ராத்திரியில், ஒரே ஆளாக, ஆளுயரத் தடுப்புக்குள் உட்கார்ந்து செய்தவர்கள் நம் பொட்டல்களில் கூடாரம் போட்டிருந்தார்களே! படம் அவர் வரைந்தது. தோல் அவர் சீவியது. சாயம் அவர் ஏற்றியது. விளக்கு அவர் கட்டியது. ராமனும் அவர்தான், ராவணனும் அவர்தான், அசோகவனத்தில் அழுகிற சீதையின் குரலும் பல நேரம் அவர்தான்.

உள்ளே பாருங்கள், எவ்வளவு சின்ன இடம்! முன்னால் வெள்ளைத் துணி, அதன் கீழே கறுப்புப் போர்வை. ஆட்டுகிறவரின் முகமும் முழங்காலும் தெரியாமலிருக்கத்தான் அது. தலைக்கு மேல் விளக்கு. ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கு, பிறகு பெட்ரோமாக்ஸ், இப்போது பல்பு. அன்றைய காட்சிக்கு வேண்டிய பாவைகள் வரிசைக்கிரமமாகப் பக்கத்தில் காத்திருக்கும். ஆர்மோனியம் ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம், சிங்கி தட்டும் கை ஒரு பக்கம். அந்த இண்டு இடுக்கில்தான் இலங்கை முழுக்க அடங்கியிருக்கிறது.

இப்போது பாவையைக் கையில் வாங்குங்கள். அட, எவ்வளவு லேசு! திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்குத் தோல் என்றதும் தோல் ஷாப்பு ஞாபகம் வரும். பதனிடும் தொழிலில் பேர்பெற்ற ஜில்லா இது. ஆனால் பதனிட்ட தோல் பாவைக்கு உதவாது. செருப்புக்கும் பைக்கும் ஆகும். ஒளி அதில் நுழையாது. கூத்துக்காரருக்கு வேண்டியது பதனிடாத ஆட்டுத்தோல். அதை ஊறவைத்து, முடியும் கொழுப்பும் போகச் சுரண்டி, நாலு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்டிக் காயவைத்தால், எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளியை விடுகிற ஒரு தகடு கிடைக்கும். அதில் கூரான ஊசியால் உருவத்தைக் கீறிக்கொள்கிறார். பிறகு சின்னச் சின்ன உளிகளால் பொத்தல் போடுகிறார். எனக்கு மூச்சு நின்ற இடம் இதுதான். கிரீடத்திலும் ஒட்டியாணத்திலும் நாம் பார்க்கிற வைரமெல்லாம் வெறும் ஓட்டை! விளக்கின் வெள்ளொளி அப்படியே அதன் வழியே வருவதால்தான் அத்தனை மினுக்கம். சுற்றியிருக்கிற சிவப்பும் பச்சையும் சாயம். பெயிண்ட் பூசினால் ஒளியை அடைத்துவிடும். தோலுக்குள் ஊறுகிற சாயமானால் ஒளியே நிறம் மாறி வெளிவரும். கண்ணாடியில் வண்ணம் தீட்டுகிறவர்கள் அறிந்த ரகசியம் இது. நம் ஆள் அதை ஆட்டுத்தோலில் செய்துவிட்டார்.

நடுவில் பிளந்த மூங்கில் குச்சி, அதைப் பிடித்துத்தான் ஆட்டம். தோளிலும் முழங்கையிலும் நூல் முடிச்சு. பெரும்பாலான பாத்திரங்களுக்குக் கை அசைந்தாலே போதும். அதிகம் ஆடுகிறவர்கள் கோமாளிகள்தான்! உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டால் தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ராமாயணத்தில் இவர்களுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். ராமன் மேடைத் தமிழில் பேசுவார். இவர்கள் நம் தெருத் தமிழில் பேசுவார்கள். எந்த ஊரில் கூத்தோ அந்த ஊர் விஷயம் வாயில் வந்துவிழும். முன்னால் சிரிப்பு வெடிக்கிறபோது பின்னாலிருக்கிற மனிதரைப் பாருங்கள்: முகத்தில் சிரிப்பே இருக்காது. இரண்டு கையிலும் இரண்டு கோமாளி, தொண்டையில் இரண்டு குரல், கண் அடுத்த பாவையின் மேல்.

இன்னொரு வியப்பு கேளுங்கள். இந்தக் கூத்துக்காரர்கள் கணிகர் சமூகத்தின் மண்டிகர் பிரிவைச் சேர்ந்தவர்கள். வீட்டுப் பேச்சு மராத்தி. 1670களில் தஞ்சையில் மராத்தியர் ஆட்சி ஏற்பட்டதை ஒட்டித் தெற்கே பரவிய குடும்பங்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்வது. குமரி மாவட்டத்தில் பரமசிவராவ் போன்ற கலைஞர்களோடு வருஷக்கணக்காகப் பழகி, இந்தக் கலையின் கதையையும் குடும்பங்களின் கதையையும் எழுதிவைத்தவர் அ.கா. பெருமாள். அவர் எழுதியிராவிட்டால் நமக்கு இதில் பாதி தெரிந்திருக்காது. ஆக, ஒரே தலைக்குள் மூன்று பேச்சு: ராமனுக்கு ஒன்று, உச்சிக்குடும்பனுக்கு ஒன்று, "அந்தப் பாவையை எடு" என்று மகனிடம் சொல்ல இன்னொன்று. ஏடு கிடையாது, வசனத்தாள் கிடையாது. பத்து ராத்திரியும் நெஞ்சுக்குள் இருக்கிறது!

வெளிச்ச விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் கூர்மையாக நிற்கும். விளக்கை நோக்கிப் பின்னுக்கு இழுத்தால் உருவம் பெரிதாகும், ஓரம் மங்கும். அனுமன் வளர்வதைக் காட்ட வேறெதுவும் வேண்டாம். மணிக்கட்டை ஒரு முழம் பின்னே கொண்டுவந்தால் விஸ்வரூபம்! முன்னால் பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண், கறுப்பு அட்டையை வெட்டி, கீழிருந்து ஒளி கொடுத்து, ஒவ்வொரு அசைவாகப் படம்பிடித்து, 1926இல் இளவரசர் அகமதுவின் சாகசங்களை முழுநீளப் படமாக்கினார். இன்றும் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் மூத்தது. அதைப் பார்க்கும்போது எனக்கு நம் கூடாரங்கள்தான் கண்ணில் நின்றன. ஒளி, வெட்டிய உருவம், மூட்டு, பொறுமை. இரண்டு இடத்திலும் சரக்கு ஒன்றே. ரைனிகர் ஒரு அசைவு பிசகினால் திரும்ப எடுக்கலாம். நம்மவருக்கு அந்த வசதி இல்லை.

இந்தக் கூத்துக்குப் படிப்பு எப்படி? இதற்கென்று வகுப்பு நடந்து நான் பார்த்ததில்லை. குழந்தை அப்பா மடிக்குப் பக்கத்தில் தூங்கி, சண்டைக் காட்சிச் சத்தத்தில் விழித்து, மறுபடி தூங்கி வளர்கிறது. கொஞ்சம் பெரிதானதும் பாவை எடுத்துக் கொடுக்கிற வேலை. இதைச் சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாபிஷேக ராமன் வேறு, காட்டுக்குப் போகிற ராமன் வேறு. அடுத்து எது என்று தெரிந்தால்தான் கை நீளும். அதாவது கதை முழுக்க முதலில் கைக்குள் வந்துவிடுகிறது. அப்புறம் சிங்கி, தாளம். அப்புறம் வானரக் கூட்டத்தில் ஒரு குரங்கு. குரல் உடைந்து நிலைத்தபிறகு பெரிய பாத்திரங்கள். பெண்களும் திரைக்குப் பின்னால்தான்: பாட்டு, ஆர்மோனியம், பாவையைத் தைத்துச் சீர் செய்வது. ஓவியக் கல்லூரிகளில் முதல் வருஷம் கோடு, இரண்டாம் வருஷம் வண்ணம் என்று பிரித்து வைக்கிறோமே, இங்கே எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே பாயில் கிடக்கிறது. எனக்கு இந்த முறையின் மேல் பெரிய மரியாதை. தனித்தனியாகப் படித்ததை ஒன்றுசேர்க்கத்தான் நமக்கு இத்தனை வருஷமாகிறது.

பாலக்காட்டுப் பக்கம் இந்தக் கலைக்கு ஒரு சகோதரன் இருக்கிறான். பகவதி கோயில் கூத்துமாடத்தில், நீளத் திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி ஆடுகிறார்கள். பாடுவது யார் பாட்டு தெரியுமா? நம் கம்பர்! மலையாள மண்ணில் கம்பனின் விருத்தத்தைப் பாடி அர்த்தம் சொல்கிற அந்தக் கலைஞர்களுக்குப் புலவர் என்றே பட்டம். விடியவிடிய நடக்கும் ஆட்டத்துக்குச் சில ராத்திரி முன்னால் ஒருவர்கூட இருப்பதில்லை. பகவதி கேட்கிறாள், அது போதும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த மரபின் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மகள் ரஜிதா பெண்கள் மட்டுமே ஆட்டுகிற குழு ஒன்றை உருவாக்கிவிட்டார். ஆந்திரத்தின் நிம்மலகுண்டாவில் தளவாய் சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே தோலில் விளக்குக்கூடும் செய்கிறார்கள்; கூத்து இல்லாத மாதத்திலும் உளி துருப்பிடிக்காமல் இருக்கிறது. நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் அப்படியொரு வழி வேண்டும். வருஷத்துக்கு ஒரு விழா மேடையில் பத்து நிமிஷம் ஆடவைத்துப் பொன்னாடை போர்த்தினால் பத்து ராத்திரிக் கதை பிழைக்காது. பள்ளிக்கூடத்துக்கு ஓவிய ஆசிரியராகவே அவர்களைக் கூப்பிட வேண்டும், சம்பளத்தோடு.

வத்தலக்குண்டுப் பள்ளிக்கூடத்தில் அப்படியொரு பாவைப் பட்டறை நடந்தால் என்னென்ன வேண்டும் என்று மனசுக்குள் எத்தனையோ முறை பட்டியல் போட்டுப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் கையில் முதல் நாளே தோலைக் கொடுக்க முடியாது. கெட்டி அட்டை போதும். கண், நகை எல்லாம் ஆணியால் குத்திய ஓட்டை. நிறத்துக்குக் கலர் ஜிகினாத்தாளில் கண்ணாடி மாதிரியானதை வாங்கி ஓட்டைக்குப் பின்னால் ஒட்டலாம். மூட்டுக்கு நூல் முடிச்சு. பட்டன் ஊசி குத்தும், வேண்டாம். தென்னை ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்துக் கட்டினால் பிடி. வகுப்பறை ஜன்னலை மூடி, வாத்தியார் வேட்டி ஒன்றைக் கட்டி, பின்னால் ஒரே ஒரு பல்பு. இரண்டு பல்பு போட்டால் ஒரே அனுமனுக்கு இரண்டு நிழல் விழும்; விழட்டும், ஏன் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, பாதிப் பேர் முன்னால், பாதிப் பேர் பின்னால், கால்மணிக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். இதில் கண்டிப்பாக இருக்கணும், ஏனென்றால் ஒருதரம் பின்னால் வந்த பிள்ளை முன்னால் போகவே போகாது! ராமன் பாவைக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். உச்சிக்குடும்பனுக்குச் சீட்டுக் குலுக்கித்தான் போட வேண்டும்.