அரிசி இல்லாத நாளில் பிறந்த இட்லி

2020 மார்ச் 25. கர்நாடகத்தில் அன்று யுகாதி. வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து உண்ணும் ‘பேவு பெல்லா’வும் ஒப்பட்டு எனும் போளியும் இல்லாமல் இங்கே யுகாதி இல்லை. அதே நாளில்தான் நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாள் என்றார்கள். மே கடைசிவரை நீண்டது. மறுவருடம் ஏப்ரல் 27 இரவு 9 மணிக்குக் கர்நாடகம் மறுபடி அடைபட்டது. மளிகை, காய்கறிக் கடைகள் காலை 6 மணி முதல் 10 மணி வரைதான். பெங்களூரு கிழக்கில், காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளி போன்ற நெருக்கமான பேட்டைகளில், சாதாரண நாளில் அடுப்பில் எண்ணெய் காயும் நேரத்துக்குள் முனைக்கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வந்துவிடலாம். அந்த வசதி பத்து மணியோடு முடிந்தது. அலமாரியில் என்ன இருக்கிறதோ, அதுதான் சமையல்.

இந்த ஊருக்கு அது புதிதல்ல. பெங்களூரின் அடையாளமாகிவிட்ட ஒரு பலகாரமே தட்டுப்பாட்டில் பிறந்ததுதான்.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் இந்தியாவுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. இட்லிக்கு அரிசி கிடைக்காத அந்தப் போர்க்காலத்தில், ரவையை வைத்து முயன்று பார்த்ததில் உருவானதே ரவை இட்லி என்கிறது லால்பாக் சாலையில் இருக்கும் எம்.டி.ஆர். உணவகம். 1924இல் தொடங்கிய மாவள்ளி டிபன் ரூம்ஸ்தான் அது. பின்னர் நெருக்கடிநிலைக் காலத்தில், உணவக விலைக்கு அரசு கட்டுப்பாடு வைத்து, கடையை நடத்த முடியாமல் போனபோது, அவர்கள் கைப்பக்குவம் ரெடிமேட் மாவுப் பொட்டலங்களுக்குள் புகுந்தது. ஒரே சமையலறைக்கு இரண்டு நெருக்கடிகள். இரண்டிலும் புதிதாக ஒன்று கிடைத்தது.

ரவை இட்லி ஏன் சரியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வேறு பலவற்றையும் துணிந்து மாற்றிப் பார்க்கலாம். அரிசி இட்லி மாவைப் பொங்கவைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றில் முக்கியமானது லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா. அது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. உளுந்தின் வழுவழுப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு ஓர் இரவு வேண்டும். ரவை இட்லியில் அந்த வேலையைத் தயிரிலுள்ள அமிலமும் ஆப்பச்சோடாவும் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. தயிர் புளித்திருக்க வேண்டும் என்பதும், சோடா போட்டபின் மாவைக் காத்திருக்க வைக்காமல் உடனே தட்டில் ஊற்ற வேண்டும் என்பதும் இதனால்தான். கிளம்பிய வாயு பறந்துவிட்டால் இட்லி கல்லாகும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில், மார்கழி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும். சென்னையில் எட்டு மணி நேரத்தில் பொங்கும் அரிசி இட்லி மாவு இங்கே மறுநாள் மதியம்வரை அசையாமல் கிடக்கும். கைகண்ட வழிகள் உண்டு: ஊறவைக்கும்போது ஒரு ஸ்பூன் வெந்தயம், கையாலேயே நன்றாகக் கலக்குவது, சுடுநீர்ப் பாத்திரத்தின் அருகே மாவுச் சட்டியை வைத்து மூடிவிடுவது. விளக்கை மட்டும் போட்ட ஓவனுக்குள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

காய்கறிக்காரர் எப்போது வருவார் என்று தெரியாத நாட்களில் தோலுக்கும் மதிப்பு வந்துவிடுகிறது. பீர்க்கங்காயின் மேல்வரம்பைச் சீவினால் கிடைக்கும் தோலை எண்ணெயில் சுருள வதக்க வேண்டும். வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். தமிழ் வீட்டிலும் கன்னட வீட்டிலும் இது உண்டு, பெயர்தான் வேறு. தர்பூசணியின் சிவப்பைத் தின்றபின் மிஞ்சும் வெள்ளைப் பகுதியை, ஊறிய அரிசியோடு தண்ணீர் விடாமல் அரைத்துக் கர்நாடகக் கடலோரத்தில் தோசை வார்ப்பார்கள். அந்தக் காயிலேயே நீர் இருப்பதால் அரைக்கத் தண்ணீர் தேவைப்படாது, புளிக்கவைக்கவும் வேண்டாம். வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வேகவைத்தால் பொரியல். பழைய சோற்றில் சீரகமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து மாடியில் காயவைத்தால் வடகம்.

வீட்டில் செய்தது சமையல் மட்டுமல்ல. 2020 ஏப்ரல் தொடக்கத்தில், துணியில் முகக்கவசம் தைத்துக்கொள்ளும்படி மத்திய அரசே சொன்னது. பழைய பருத்தித் துணி போதும். தையல் மெஷின் இல்லாவிட்டாலும் முடியும். பரணில் தூங்கிக்கொண்டிருந்த மெஷின்கள் அன்று கீழே இறங்கின.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிடலாம் என்றும் இல்லை. கிருமிநாசினி அதற்கு நல்ல உதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கைதேய்ப்புத் திரவக் குறிப்பில் 96 சதவீத எத்தனால், ஹைட்ரஜன் பெராக்சைடு, கிளிசரால் எல்லாவற்றுக்கும் துல்லியமான அளவு உண்டு. கலந்தபின் 72 மணி நேரம் மூடி வைக்கவும் வேண்டும். கண்ணளவில் செய்கிற காரியமல்ல அது. ப்ளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்த கழிவறை கிளீனரைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று மூன்று மாதம் ஊறவைக்கும் ‘பயோ என்சைம்’ தரை துடைக்க நன்றாக உதவும். மருத்துவமனைக் கிருமிநாசினியின் இடத்தில் அதை வைக்கக் கூடாது. உள்ளே வாயு சேரும்; முதல் மாதம் மூடியைத் தினமும் தளர்த்தாவிட்டால் பாட்டில் வெடித்துவிடலாம்.

தோல் துவையலாகவும் ஆகாமல், பாட்டிலுக்குள்ளும் போகாமல் மிஞ்சினால்? முன்பு அது நகருக்கு வெளியே குப்பைமேட்டுக்குத்தான் போகும். அப்படி நகரின் குப்பையைச் சுமந்து சலித்த மண்டூர் கிராமத்தினர் போராடியபின், 2014 இறுதியோடு அங்கே கொட்டுவது நின்றது. மறுவருடம், ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு எனப் பிரித்தே தர வேண்டும் என்று கர்நாடக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘இரண்டு டப்பா, ஒரு பை’ என்று பெங்களூர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். வீட்டிலேயே உரமாக்க, 2006இல் இங்கே தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம் மூன்றடுக்குச் சுடுமண் ‘கம்பா’வைக் கொண்டுவந்தது. அது இல்லாவிட்டால் ஓட்டை போட்ட பழைய பக்கெட்டே போதும். காய்கறிக் கழிவு ஒரு அடுக்கு, அதன்மேல் காய்ந்த இலை ஒரு அடுக்கு. நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். இன்னும் இலையைப் போட்டுக் கிளறினால் அடங்கும். தெருவோர மரங்கள் நிறைந்த இந்த நகரில் காய்ந்த இலைக்குப் பஞ்சமில்லை.

இரண்டு மூன்று மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாக உதிரும் அந்த உரத்தைத் தோட்டமண்ணோடு கலந்து அகலமான ட்ரேயில் பரப்பலாம். விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். அஞ்சறைப் பெட்டியிலுள்ள வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, வெயில் படும் இடத்தில் வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் கீரை அறுப்புக்கு வந்துவிடும். வேரோடு பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கினால் இன்னொரு முறை துளிர்க்கும். முதல் கட்டுக்குச் சப்பாத்தி மாவு, இரண்டாவதற்குப் பருப்பு.