80-ல் நடுங்குது, 100-ல் நின்னுடுது! காரில் என்னதான் கோளாறு?

படப்பை - ஒரகடம் ரோட்டில் போகிற வண்டிக்காரர்கள் கவனிக்க!

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக வந்தாலும் சரி, வண்டலூர் மிருகக்காட்சி சாலைப் பக்கமிருந்து வந்தாலும் சரி, மண்ணிவாக்கம் வரை காரின் குணம் யாருக்கும் தெரியாது. ஷேர் ஆட்டோ, தண்ணீர் லாரி, கம்பெனி பஸ், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு. முள் 40-ஐத் தாண்டினால் பெரிய விஷயம்.

கரசங்கால் போய், படப்பைக் கடைத்தெருவும் பின்னால் போனதும் ரோடு விரிகிறது. டிரைவர் காலை அழுத்துகிறார். முள் 60, 70 என்று ஏறுகிறது. 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கிறது. கை மரத்துப் போகிற மாதிரி உதறல். டேஷ்போர்டில் வைத்த சில்லறை கலகலவென்று ஆடுகிறது. பின் சீட்டில் தூங்கிய மாமியார் எழுந்து உட்கார்ந்து, "ஏம்ப்பா, டயர் கிழிஞ்சி போச்சா?" என்று கேட்பார்.

பயந்து காலை எடுத்தால் நடுக்கம் நின்று விடுகிறது. துணிந்து 100-க்கு ஏற்றினாலும் குறைந்து விடுகிறது! அதனால்தான் பல பேர் இதைப் பெரிதாக எடுத்துக் கொள்வதில்லை. "நம்ம வண்டி அப்படித்தான், எண்பதுல கொஞ்சம் கோவிச்சுக்கும்" என்று பழகி விடுகிறார்கள்.

தப்பான மருந்து

மெக்கானிக் கடைக்குப் போனால் பெரும்பாலும் முதல் வார்த்தை, "அலைன்மெண்ட் பண்ணிடலாம் சார்!"

பண்ணுகிறார்கள். பணம் கொடுத்து விட்டு வருகிறார்கள். மறுநாள் அதே 80-ல் அதே நடுக்கம்.

அலைன்மெண்ட் வேறு, பேலன்சிங் வேறு. சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்று பார்த்துத் திருத்துவது அலைன்மெண்ட். அது தப்பினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்; டயர் ஓரம் தேயும். நடுக்கம் வருவது அபூர்வம். சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது பேலன்சிங். வேகத்தில் மட்டும் வரும் நடுக்கத்துக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். இந்த இரண்டு வார்த்தைகளையும் குழப்பிக் கொண்டே எத்தனையோ பேர் வருடக் கணக்கில் காசு கரைக்கிறார்கள்.

20 கிராம் செய்கிற வேலை

மளிகைக் கடையில் போய் 20 கிராம் சீரகம் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். ஆனால் சக்கரத்தின் ஒரு பக்கம் 20 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன ஆகும்?

சுமாரான அளவுள்ள ஒரு கார் சக்கரம் 90 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 13 தடவை சுற்றும். ரிம் ஓரத்தில் இருக்கும் அந்த 20 கிராம், அந்த வேகத்தில் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோ கனத்தோடு சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கும். அதுவும் ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே, ஒரு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே. வினாடிக்கு 13 முறை! வேகம் பாதியானால் இழுப்பு பாதியாகாது. கால் பங்காகி விடும். ஊருக்குள் 40-ல் போகும்போது ஒன்றும் தெரியாததற்கு இதுதான் காரணம்.

சரி, 100-ல் ஏன் குறைகிறது? குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிறவர்களுக்கு இது புரியும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் லேசான தள்ளுக்கே உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் போகாது. சக்கரமும் ஆக்சிலும் ஸ்பிரிங்கில் தொங்குகிற ஊஞ்சல் மாதிரிதான். அதற்கும் ஒரு தாளம் உண்டு. வினாடிக்கு 10 முதல் 15 ஆட்டம். சக்கரம் சுற்றும் கணக்கும் அந்தத் தாளமும் ஒத்துப்போகிற வேகத்தில் ஆட்டம் உச்சத்துக்குப் போகிறது. தாண்டினால் தாளம் தப்பி விடும். கோளாறு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இழுப்பு முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கிறது. கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பேரிங்குக்கும் டயருக்கும் தெரியும்.

கையிலா, சீட்டிலா?

கடைக்குப் போகும் முன்பே பாதி வேலையை வண்டிக்காரரே முடித்து விடலாம்.

ஸ்டியரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் ஆடினால் பெரும்பாலும் பின் சக்கரம். சந்தேகமாக இருந்தால் முன் சக்கரங்களைப் பின்னாலும், பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். கையில் இருந்த நடுக்கம் சீட்டுக்குப் போய்விட்டால் குற்றவாளி சக்கரம்தான். வண்டியின் மற்ற பாகங்கள் மேல் பழி போட வேண்டாம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறுகிறதா? அப்படியானால் பேலன்சிங்குக்குப் போகாதீர்கள். முன் பிரேக் டிஸ்க்கின் தடிமன் சுற்றிலும் ஒரே சீராக இல்லை, அல்லது டிஸ்க் கோணலாகச் சுற்றுகிறது. பெடலிலும் அந்தத் துடிப்பு காலுக்குத் தெரியும்.

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால், சக்கரத்துக்கு முறுக்கு கொண்டு போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் மவுண்டிங்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

எஞ்சினா, சக்கரமா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆள் அரவமில்லாத நேரான ரோட்டில், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்து, நடுங்கும் வேகத்தில் ஒரு கணம் கிளட்ச்சை மிதித்து வண்டியைத் தானாக உருள விட வேண்டும். நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சின் நிரபராதி. நின்று விட்டால் எஞ்சின் பக்கம் பார்க்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் ஓடும்போது சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக் கொள்ளும். பிரேக்கும் கல்லாகி விடும். இதை வீம்புக்குச் செய்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்!

சக்கரத்திலிருந்து 'ஊ...' என்று ஊளைச் சத்தம் வந்து, வளைவில் திரும்பும்போது அது கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங்.

சேறும் சக்கரமும்

மழைக்காலத்தில் மெக்கானிக்கே தேவைப்படாத ஒரு காரணமும் உண்டு. ரிம்மின் உள்பக்கம் அப்பிக் காய்ந்த சேறு! 20 கிராமே இந்தப் பாடு படுத்துகிறதென்றால் ஒரு கைப்பிடிச் சேறு என்ன செய்யும்? பைப்பில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் சில கார்களில் அதோடு நோய் தீர்ந்து விடும். சேற்றோடு பேலன்சிங் செய்தாலோ வேடிக்கைதான். மறுநாள் சேறு உதிர்ந்து விடும். வைத்த வெயிட்டு மட்டும் நின்று கொண்டு வண்டியை ஆட்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றுத் தண்ணீரில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை இந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற வண்டிக்கு எஞ்சினைப் பார்த்தால் மட்டும் போதாது. பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு, துரு ஏறி, பிறகுதான் ஊளை கிளம்பும். செகண்ட் ஹேண்டில் கார் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

2020 ஊரடங்கில் வேறு கதை. மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்ற கார்களில் டயரின் அடிப்பக்கம் தட்டையாகிப் போனது. லேசான தட்டை என்றால் சில கிலோ மீட்டர் ஓடிச் சூடேறியதும் சரியாகி விடும். காற்று குறைந்து நின்றிருந்தால் டயர் தேறுவது கஷ்டம்.

அம்பாசடர் நினைவிருக்கிறதா?

2014-ல் தயாரிப்பு நின்று போன அம்பாசடரில் நடுக்கத்துக்கு இன்னொரு வீடு இருந்தது. எஞ்சின் முன்னால், ஓட்டுகிற சக்கரம் பின்னால். நடுவில் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட். இன்றைக்கும் பொலிரோ, சுமோ, ஆம்னி வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தும். கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றுகிற வண்டிகளில் இந்த ரகம் நிறைய உண்டு.

இந்த ஷாஃப்ட் சக்கரத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சுற்றும். அதனால் இதன் நடுக்கம் உதறலாக இருக்காது. தேன்கூட்டில் காதை வைத்த மாதிரி 'கொர்ர்' என்று தரை அதிரும். ரிவர்சிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போது அடியில் 'டொக்' என்று கேட்டால் ஜாயிண்ட்டில் இருக்கும் கிராஸ் தேய்ந்து விட்டது.

டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட், புஷ் ஆகியவை தேய்ந்திருந்தால்? நடுக்கத்தை அவை உண்டாக்குவதில்லை. சின்னதைப் பெரிதாக்கிக் காட்டும். முன்பக்கம் ஒரே தண்டாக ஆக்சில் உள்ள பழைய ஜீப்புகளில் மட்டும் இது விபரீதமாகலாம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் இடமும் வலமும் அடித்துக் கொள்ளும். அப்போது ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்காமல் நேராகப் பிடித்தபடி மெதுவாக வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

இங்கேதான் ஆபத்து

மேலே சொன்னதில் பெரும்பகுதி பணச் செலவு, மனக் கஷ்டத்தோடு போய்விடும். இரண்டு விஷயங்கள் அப்படி இல்லை.

ஒன்று, டயருக்குள் நடக்கும் பிளவு. இன்றைய டயர் வெறும் ரப்பர் அல்ல. உள்ளே எஃகுக் கம்பிப் பட்டைகள் அடுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. வயதாகியோ, காற்றுக் குறைவாக வேகத்தில் ஓடிச் சூடாகியோ அந்த ஒட்டு விடத் தொடங்கினால் டயரின் ஒரு இடம் புடைக்கும். நடுக்கம் நாளுக்கு நாள் வளரும். 80-ல் வந்தது 60-லும், பிறகு 40-லும் வரும். பேலன்சிங் செய்தாலும் நிற்காது. ஒருநாள் வேகத்தில் மேல்தோல் மொத்தமாக உரிந்து கொள்ளும்.

அமெரிக்காவில் 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது இந்தக் கோளாறுக்காகத்தான். ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற வண்டியில் பெரும்பாலும் ஓடிய டயர்கள் அவை. மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்ததில் 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

டயரில் கையை வைத்துச் சுற்றித் தடவிப் பார்த்தாலே புடைப்பு தெரியும். பக்கச் சுவரில் இருக்கும் நான்கு எண்களையும் பார்க்க வேண்டும். 2319 என்று இருந்தால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் தேயவில்லையே என்று பத்து வருட டயரை வைத்துக்கொண்டு பெருமைப்படுவதில் அர்த்தம் இல்லை.

இரண்டு, லூஸான வீல் நட்டு. ரோட்டோரத்தில் அவசரமாகப் பஞ்சர் பார்த்து மாட்டிய மறுநாள் புதிதாக நடுக்கம் வந்தால், யோசிக்காமல் ஓரம் கட்டி நட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதை ஓட்டிக் கொண்டே போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. சக்கரம் முந்திக் கொண்டு ஓடும்.

கடையில் கவனிக்க வேண்டியது

வினோதம் என்னவென்றால், படப்பையைச் சுற்றி இருப்பதே சக்கரத்தை நம்பிப் பிழைக்கிற ஊர்தான். ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்களைச் செய்யும் ஆலை 2010-ல் திறந்தது. அப்பல்லோ டயர் ஆலையும் அங்கேதான். காரின் சத்தத்தையும் அதிர்வையும் கருவி வைத்து அளக்கிற மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் அதே ஒரகடத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே ரோட்டில் போகிறவரின் காருக்கு இன்னும் "அலைன்மெண்ட் பண்ணிடலாம் சார்"தான்!

பேலன்சிங் மெஷினில் சக்கரத்தை மாட்டும் முன் பழைய வெயிட்டுகளைப் பிடுங்கி, ரிம்மைத் துடைக்கச் சொல்ல வேண்டும். வெயிட்டு அடித்த பிறகு மறுபடி ஒரு தடவை சுற்றவிட்டு, இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டுகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பூஜ்யம் காட்டாமலே கழற்றி மாட்டுகிற கடைகளும் உண்டு. அந்த வெயிட்டு முன்பு எல்லா இடத்திலும் ஈயம்தான். ஐரோப்பாவில் கார்களுக்கு 2005 ஜூலையிலிருந்து ஈயத்தைத் தடை செய்து விட்டார்கள். இப்போது இரும்பிலும் துத்தநாகத்திலும் வருகிறது.

மெஷின் சுற்றும்போது ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நிலையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம்மில் கோட்டம். டயரும் அப்படியே. கோணல் சக்கரத்துக்குக் கூட வெயிட்டு அடித்துப் பூஜ்யம் காட்ட வைக்க முடியும்! ரோட்டில் போனால் அது குதிக்கத்தான் செய்யும்.

வெளியில் வாங்கிப் போட்ட அலாய் வீலில் இன்னொரு தொல்லை. நடுத் துவாரம் காரின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சக்கரம் மையத்தில் உட்காராது. இடைவெளியை அடைக்கும் வளையம் போட வேண்டும்.

நட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் முடுக்கிக் கொண்டு போகாமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். காலால் ஏறி மிதிக்கிற வழக்கம் வேண்டாம். எவ்வளவு முறுக்கு என்று காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோ மீட்டருக்குள் ஒரு தடவை நிறுத்தி, நட்டுகளை மறுபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.