ஒரு புத்தகத்தின் மேல் குனியும் தலைகள்

1946 ஜூலை 3 அன்று ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு குழந்தைகள் புத்தகக் கண்காட்சி திறந்தது. குண்டுவீச்சில் இடிந்து கிடந்த ஊர் அது; சோற்றுக்கும் விறகுக்கும் மக்கள் அல்லாடிக்கொண்டிருந்த காலம். கண்காட்சி நடந்த கட்டடத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நாஜிகள் தங்கள் கொள்கைக்கு ஒத்துவரும் கலையை மட்டும் காட்டுவதற்காகக் கட்டி, 1937-இல் ஹிட்லரே திறந்துவைத்த கலைக்கூடம் அது. ஒன்பதே ஆண்டுகளில் அதே சுவர்களுக்குள், நேற்றுவரை எதிரிகள் என்று கற்பிக்கப்பட்ட நாடுகளின் படக்கதைகளை ஜெர்மன் பிள்ளைகள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இதை நடத்திக் காட்டியவர் யெல்லா லெப்மன். 1891-இல் ஷ்டுட்கார்ட் நகரில் பிறந்த யூதப் பெண், பத்திரிகையாளர். நாஜி ஆட்சியில் வாழ வழியில்லாமல் 1936-இல் நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தவர். போர் முடிந்ததும், பெண்கள், குழந்தைகள் நலனுக்கான ஆலோசகராக அமெரிக்க ராணுவத்தோடு தாய்நாடு திரும்பினார்.

பசித்த பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்ற கேள்வி அன்றே எழக்கூடியதுதான். உணவும் உடையும் முதல் தேவை என்பதை லெப்மன் மறுக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே குரலை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, உலகத்தின் மற்றக் குரல்களைக் கேட்கும் பசியும் இருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். புத்தகம் வாங்கக் கையில் பணமில்லை. எனவே 20 நாடுகளுக்குக் கடிதம் எழுதி, உங்கள் பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் நூல்களை அனுப்புங்கள் என்று கேட்டார். 19 நாடுகள் இசைந்தன. பெல்ஜியம் மட்டும் மறுத்தது. இருமுறை ஜெர்மானியப் படையெடுப்புக்கு ஆளான நாடு. அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. லெப்மன் விடாமல் மீண்டும் எழுதினார். மூன்றாவது படையெடுப்பு வராமல் தடுக்க வேண்டுமானால் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவருடைய வாதம். பெல்ஜியத்தின் புத்தகங்களும் வந்துசேர்ந்தன.

இந்த வரலாற்றைச் சொல்லிவிட்டு, ‘புத்தகம் மனிதர்களை இணைக்கும்’ என்று முடித்துவிடுவது எளிது. ஆனால் அதே ஜெர்மனியில் 1938-இல் ‘விஷக் காளான்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுவர் நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களும் எளிய நடையும் கொண்ட அந்த நூலின் வேலை, யூதர்களை வெறுக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது. அதை வெளியிட்ட யூலியுஸ் ஷ்ட்ரைஷர் நியூரம்பர்க் விசாரணையில் மரண தண்டனை பெற்றார். மியூனிக் கண்காட்சி திறந்த அதே 1946-இல் தூக்கிலிடப்பட்டார். ஆக, குழந்தைகள் புத்தகம் என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. பிரிப்பதற்கும் அது கைகொடுக்கும். அப்படியென்றால் இணைப்பது எது? அதைப் புத்தகத்தின் நீதிபோதனையில் தேடுவதைவிட, புத்தகம் படிக்கப்படும் சூழலில் தேடுவதே சரி என்பது என் வாதம்.

லெப்மனின் அடுத்த பணி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1949 செப்டம்பரில் அவர் மியூனிக்கில் பன்னாட்டு இளைஞர் நூலகத்தைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளே அலமாரிக்குப் போய் வேண்டியதை எடுத்தார்கள். எதைப் படிக்க வேண்டும் என்று தலைமேல் நின்று சொல்ல ஆளில்லை. படித்ததைப் பற்றிக் கூடிப் பேசும் குழுக்கள் இருந்தன. பிறமொழி வகுப்பு, ஓவியக்கூடம் எல்லாம் இருந்தன. அதாவது பல நாட்டுப் புத்தகங்கள், தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, கூடிப் பேச ஓர் இடம். ‘விஷக் காளான்’ வளர்ந்த மண்ணில் இந்த மூன்றுமே இல்லை. அங்கே ஒரே குரல்தான், மறுபேச்சுக்கும் இடமில்லை. ஒற்றைப் புத்தகம் தனியே தரப்படும்போது அது கட்டளையாகிவிடலாம். பல புத்தகங்களுக்கு நடுவே வைத்து, நாலு பேர் சேர்ந்து பேசும்போது அதுவே உரையாடலாகிறது.

உளவியலும் இதையே வேறு வழியில் சொல்கிறது. உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதிய நூலில், இரு பிரிவினர் வெறுமனே சந்திப்பதால் வெறுப்பு கரைவதில்லை என்றார். சம நிலையில், பொதுவான நோக்கத்துக்காக, அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவோடு சேர்ந்து செயல்பட வேண்டும். ஒரு கதையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இவை எல்லாம் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன. நேரில் பழக வாய்ப்பில்லாதபோதும் கதை உதவும். பிரிட்டனில் லிண்ட்சி கேமரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உள்ளூர்ப் பிள்ளைகளும் அகதிப் பிள்ளைகளும் நண்பர்களாக இருக்கும் கதைகளை 5 முதல் 11 வயதுப் பிள்ளைகள் சிறு குழுக்களாகப் படித்துப் பேசினார்கள். அதன்பின் அகதிகளைப் பற்றிய அவர்களுடைய எண்ணம் மேம்பட்டிருந்தது. இத்தாலியிலும் இதுபோல் ஹாரி பாட்டர் கதையின் பகுதிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாகுபாட்டைக் காட்டும் பகுதிகளைப் படித்துப் பேசிய பிள்ளைகளில், ஹாரியோடு தங்களை ஒன்றவைத்துப் பார்த்தவர்களிடம் புலம்பெயர்ந்தோர் மீதான பார்வை மேம்பட்டது.

இவை சிறிய ஆய்வுகள், குறுகிய காலத்தில் அளந்த மாற்றங்கள், போரை இவையெல்லாம் நிறுத்திவிடுமா என்று கேட்கலாம். நிறுத்தாது. லெப்மனுக்குப் பிறகும் ஐரோப்பாவிலேயே போர்கள் நடந்தன. ஆனால் வெறுப்பு ஒரே நாளில் விளைவதில்லை. அது பிள்ளைப் பருவத்திலிருந்தே பொறுமையாக ஊட்டப்படுகிறது. ஷ்ட்ரைஷருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. மாற்று மருந்தையும் அதே பொறுமையோடு, அதே வயதில்தான் தர வேண்டும். மருந்து கசக்க வேண்டியதும் இல்லை. 1946-இல் பெர்லின் பிள்ளைகளுக்காக லெப்மன் மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 படிகள் அச்சிட்டது, மன்ரோ லீஃப் எழுதிய ஃபெர்டினாண்ட் காளையின் கதை. சண்டை போட மறுத்து, மரநிழலில் பூவை முகர்ந்துகொண்டிருக்கும் காளை. உபதேசம் செய்யாத கதை அது. சிரித்துக்கொண்டே படித்த பிள்ளை, வீரம் என்றால் என்ன என்று தானே யோசித்துக்கொள்ளலாம்.

லெப்மனின் முயற்சியில் 1953-இல் ஜூரிச்சில் உருவான பன்னாட்டு இளையோர் நூல் வாரியம் இன்றும் இயங்குகிறது. ஏப்ரல் 2-ஐ உலகக் குழந்தைகள் புத்தக நாளாகக் கொண்டாடும் வழக்கம் 1967-இல் தொடங்கியது. பிள்ளைகள் கூடிப் படிப்பதற்கான புத்தகங்கள் நம்மிடமும் இருக்கின்றன. நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசையும், சென்னையின் தூலிகா பதிப்பகமும் ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் தருகின்றன. ஆனால் பல பள்ளிகளில் அந்தப் புத்தகங்கள் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன, அல்லது போட்டிப் பரிசாக ஒரு பிள்ளையின் கைக்குப் போய் அதோடு நின்றுவிடுகின்றன. பீரோவைத் திறந்து, வாரத்துக்கு ஒரு பீரியடை ஒதுக்கி, வெவ்வேறு தெருவிலிருந்து வரும் பிள்ளைகளை ஒரே பாயில் உட்காரவைப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒரு புத்தகத்தின் மேல் நாலு தலைகள் முட்டிக்கொள்ளும்போது, பக்கத்தைப் புரட்டுவது யார் முறை என்பதுதான் அவர்களுக்குள் நடக்கும் ஒரே வழக்கு.