மிக்ஸர் வாங்கிய கதை

"மிக்ஸர் வாங்கப் போகிறோம்" என்று நாம் சொன்னதும், "கால் கிலோ போதும், முந்திரிப் பருப்பு அதிகமாயிருக்கட்டும்" என்றாள் நம் இல்லத்தரசி. நாம் சொன்னதோ தின்னும் மிக்ஸர் அல்ல. பல மைக்குகளின் ஒலியை அளவறிந்து கலக்கும் அனலாக் மிக்ஸர்!

திருக்கழுக்குன்றம் தேவார மூவரும் பாடிய தலம். இங்கே நாம் அறிந்த ஓதுவார் ஒருவர் எண்பது வயதைக் கடந்தவர். அவர் பாடும் பண்களை, குரல் தளருமுன் நம் வீட்டு மாடியறையில் பதிவு செய்துவிட நினைத்தோம். வீட்டில் அது சாத்தியமா என்று ஐயுறுவோருக்கு ஒரு திருஷ்டாந்தம்: 1989-ல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992-ல் வெளியான 'ரோஜா'வின் இசை அங்கேதான் உருவாயிற்று.

உற்சாக மிகுதியால், கட்டிலளவு பெரிய, 24 மைக்குகளை ஏற்கும் பழைய மிக்ஸர் ஒன்றுக்கு விலை பேசிவிட்டோம். நல்லவேளையாக, முன்பணம் கொடுக்குமுன் கணக்குப் பார்த்தோம். ஓதுவார், சுருதிப்பெட்டி, உடன் பாடும் மாணவர் இருவர்: ஆக நான்கு மைக்குகள். மீதி இருபதுக்கும் மின்சாரமும் பழுது பார்க்கும் கூலியும் எதற்கு?

நேயர்கள் கவனிக்க வேண்டியவை சில. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதை இரைச்சலின்றிப் பெருக்கிக் கொடுப்பதே மிக்ஸரின் முதற் கடமை. கண்டென்ஸர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்கும் வசதியும் வேண்டும். ஒவ்வொரு குரலும் தனித்தனியே பதிவுக் கருவிக்குச் செல்லத் தனி வெளிவழிகள் இருப்பது மிக அவசியம். குழம்பில் கரைந்த உப்பைப் பிறகு பிரித்தெடுக்க முடியுமா?

பழைய மிக்ஸரானால், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள். கரகரவென்றால், உள்ளே தூசியோ துருவோ புகுந்திருக்கிறது என்று அர்த்தம். கடற்கரையை அடுத்த நம் பிரதேசத்தில் உப்புக் காற்று இதற்குப் பரம சத்துரு.

கடைசியில், நல்ல பெருக்கியுடைய சிறிய மிக்ஸர் ஒன்றை வாங்கினோம். முதற்பதிவைக் கேட்ட ஓதுவார் சற்று மௌனமாயிருந்தார். பிறகு, "வாத்தியார் ஐயா, நாளைக்கும் வரட்டுமா? என் குருநாதர் சொல்லிக் கொடுத்தவை இன்னும் நிறைய இருக்கின்றன" என்றார்.

இல்லத்தரசி காபியுடன் ஒரு தட்டு மிக்ஸரும் கொண்டு வைத்தாள். முந்திரிப் பருப்பு அதிகமாகவே இருந்தது.