பிள்ளைகளுக்கு விஞ்ஞானம்: மலையிலிருந்து கல்முனைக் கடற்கரை வரை



"எங்க புள்ளைக்கு விஞ்ஞானமெல்லாம் சொல்லிக் குடுக்க வீட்ல யாரு சார் இருக்கா? விடிஞ்சா பெரட்டுக்குப் போறோம், பொழுது சாஞ்சாத்தான் வாறோம்." எந்த டிவிஷனுக்குப் போனாலும் தாய்மார் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சின்னப் பிள்ளைக்கான விஞ்ஞானத்தில் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எமது பாடசாலைகளில் ஆரம்ப வகுப்புகளுக்கு விஞ்ஞானம் என்று தனிப் பாடம் கிடையாது. தரம் 6இல்தான் அது வருகிறது. அதற்கு முன் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடத்துக்குள்ளேயே மண், நீர், காற்று, செடி, பிராணி எல்லாம் அடங்கும். பெயரைக் கவனியுங்கள்: செயற்பாடுகள். அதாவது, பிள்ளை கையால் செய்து, கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டிய பாடம். ஆனால் தரம் 4 வந்தவுடனே புலமைப்பரிசில் பரீட்சைப் பயம் பிடித்துக்கொள்கிறது. பழைய வினாத்தாளை வாங்கி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். மண் எப்படி உண்டாகிறது என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, லயத்துக்குப் பின்னாலே இருக்கிற மண்ணைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை.

தொழிற்சாலையில் வேலை செய்யும் தகப்பன்மாரே, கொழுந்து வாட்டும்போது இலை ஏன் பாரம் குறைகிறது? இலையில் உள்ள நீர் ஆவியாகிப் போவதால். அரைத்த இலை ஏன் செம்பு நிறமாகிறது? காற்றில் உள்ள ஒட்சிசன் அதோடு சேர்வதால். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுப்பதும் அதே மாதிரியான மாற்றம்தான். நுவரெலியாவில் பருப்பு அவிய ஏன் இவ்வளவு நேரம்? உயரத்தில் காற்றின் அமுக்கம் குறைவு. ஆகையால் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகையில்தான் கொதிக்கும். கொதிக்கிற தண்ணீரிலேயே சூடு குறைவு, பருப்பு சுணங்கி அவிகிறது. இதைப் பிள்ளைக்கு அடுப்படியிலேயே சொல்லலாம்.

எனது ஊர் கல்முனைப் பக்கம். வைகாசி பிறந்தால் அங்கே கச்சான் காற்று வீசும். நெருப்புப் போல உலர்ந்த காற்று. முகம் காயும், மண் பறக்கும். மலையகத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான் அதன் மறுபக்கத்தைக் கண்டேன். அதே மாதங்களில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் கொங்காணி போடாமல் வெளியே இறங்க முடியாது. இரண்டும் ஒரே காற்றுத்தான்! தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தோடு வரும் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலை தாண்டிக் கீழே இறங்கும்போது ஈரம் இல்லை, சூடும் ஏறிவிடுகிறது. அதுதான் எங்கள் கச்சான். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன அந்த மணம் ஆடி, ஆவணியில் கிடைப்பதும் இந்த உலர்ந்த காற்றினால்தான். ஐப்பசிக்குப் பிறகு காற்று வடகிழக்காகத் திரும்பினால் கல்முனை வயல்களுக்கு மாரி மழை. ஊவாத் தோட்டங்களுக்கும் அப்போதுதான் பெருமழை.

தண்ணீரும் அப்படியே. பதுளைக்குக் கிழக்கே மலைகளில் பிறக்கும் கல்லோயா, அதாவது பட்டிப்பளை ஆறு, இங்கினியாகலை அணையில் தேங்கி, அம்பாறைக் கரையோர வயல்களுக்குப் பாய்ந்து, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. நீங்கள் மலையில் கரைய விட்ட மண்ணும் அதோடு வரும். பிள்ளையிடம் ஒரு போத்தலில் பாதி மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வைக்கச் சொல்லுங்கள். பெருமணல் உடனே அடியில் இறங்கும், மென்களி மறுநாள் வரைக்கும் கலங்கலாகவே நிற்கும். ஆற்று நீர் ஏன் மழைக்குக் கலங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, போயா நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணியளவில் சுமாத்திரா தீவுக்கு அருகே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே நுழைகிற இடம் அது. கடலடி திடீரென்று எழும்பியதால் மேலே இருந்த தண்ணீர் முழுவதும் தள்ளப்பட்டது. ஆழ்கடலில் அந்த அலை ஆகாயக் கப்பல் வேகத்தில் ஓடும், உயரம் தெரியாது. கரையை அண்டும்போது வேகம் குறைந்து தண்ணீர் குவிந்து எழும்பும். எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! இலங்கையில் ஆகக் கூடிய உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்; பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுகப் பிள்ளைகளும் தாய்மாரும் போனார்கள்.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி இருந்தாள். இரண்டு கிழமைக்கு முன்தான் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படித்திருந்தாள். கடல் நுரைத்துக் கொதிப்பதைக் கண்டு தாய் தகப்பனிடம் சொன்னாள். கடற்கரையில் நின்ற சுமார் நூறு பேர் விலகித் தப்பினார்கள். சுமாத்திராவுக்கு அருகே சிமெலூ தீவில் பள்ளிப் பாடமும் தேவைப்படவில்லை. 1907இல் அங்கே வந்த பேரலையை 'ஸ்மோங்' என்ற சொல்லோடு பாட்டிமார் கதையிலும் தாலாட்டிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் அதிர்ந்ததும் சனம் மலைக்கு ஓடியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவில் இறந்தவர் ஏழு பேர் என்று சொல்கிறார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. எமது கரையிலோ முதலில் அலை வந்தது, பிறகு கடல் வற்றியது, அதன் பின்பே பெரிய அலை. ஆகவே "கடல் வற்றினால் ஓடு" என்று மட்டும் படித்தால் போதாது. முதல் அலை போனதும் வேடிக்கை பார்க்கவோ சாமான் எடுக்கவோ திரும்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கடற்கரைக் கதை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். மலையில் நிலம் பேசும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை எல்லோரும் அறிவோம். 2025 நவம்பரில் 'டித்வா' புயல் மழையிலும் மலையகத்தில் பல இடங்கள் சரிந்தன. சரிவுக்கு முன் நிலம் பல அடையாளம் காட்டும்: நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, சாய்கிற மரம், இறுகிக்கொள்ளும் கதவு, திடீரென்று புதிதாகக் கிளம்பும் ஊற்று, தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது நின்றுபோவது. இவற்றை முதலில் காண்பது பெரும்பாலும் விளையாடித் திரிகிற பிள்ளைகளே. "போடா, வேலையைப் பாரு" என்று விரட்டாமல் போய்ப் பாருங்கள்.

பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமான பால்மா டின் ஒன்றைக் கூரைத் தண்ணீர் விழாத வெட்டவெளியில் சமமாக வைக்கட்டும். தினமும் காலை ஒரே நேரத்தில் அடிமட்டத்தை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, கொப்பியில் எழுதித் தண்ணீரை ஊற்றிவிடட்டும். டின் சிறிதோ பெரிதோ, நேரான சுவர் என்றால் அளவு ஒன்றே. ஏன் என்று பிள்ளையையே கேளுங்கள், இரண்டு டின் வைத்துக் கண்டுபிடிக்கும். ஆனால் பெருமழையில் காலை வரை காத்திருக்க வேண்டாம். ஆபத்தில்லாத இடத்தில் இருந்தால் பெரியவர்கள் இடையிடையே பார்க்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பாக இருங்கள். 100 என்றால் எச்சரிக்கை. 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ, சரிவுப் பகுதியில் உள்ளவர்கள் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பயன்படுத்தும் அளவுகள் இவை. அடையாளம் ஏதும் கண்டால் அளவு வரும் வரை பார்த்திருக்காமல் வெளியேறுங்கள். தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

பிள்ளை எழுதும் மழைக் கொப்பியை மாத முடிவில் பாடசாலைக்குக் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் அதைக் கொண்டே வரைபு போடக் கற்பிக்கலாம். பால்மா டின் இல்லாதவர்கள் பிள்ளை மடுவத்தில் கேட்டால் காலி டின் கிடைக்கும்.